எலிக்குக் கிச்சுகிச்சு மூட்டியவர்கள்

பொங்கலுக்கு அக்கா மகன் புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் பாகூரிலிருந்து வந்திருந்தான். தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா முடியும்வரை இங்கேதான் இருப்பான். அண்ணன் மகள் கடலூரிலேயே, எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டில். இரண்டு பேரும் பத்தாம் வகுப்பு. திருவிழாவுக்கு முந்தின நாள் மதியம், சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு வீடியோவை மூன்று தலைகள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தன. மூன்றாவது தலை என் அம்மாவுடையது.

முட்டைக்கண்ணோடு ஒரு தேவாங்கு. யாரோ அதன் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுகிறார்கள். அது இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு அசையாமல் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் என்று கேட்பதுபோல.

“சித்தப்பா, இது சிரிக்குது பாருங்க” என்றாள் அண்ணன் மகள்.

“சிரிப்பை ஆண்டவன் மனுஷனுக்கு மட்டும்தான் குடுத்தான். மத்ததெல்லாம் வாயைப் பொளக்கும், அவ்வளவுதான்” என்றார் அம்மா.

“நாமளே குரங்குலேருந்து வந்தவங்கதானே ஆயா. அப்புறம் அது சிரிச்சா என்ன?”

பாகூர்க்காரன் இந்தச் சண்டையில் இறங்கவில்லை. “எங்க தெரு நாய்க்குட்டி விளையாடுறப்ப ஹஃ ஹஃன்னு ஒரு சத்தம் போடும் மாமா. அது சிரிப்பா?” என்று மட்டும் கேட்டான்.

மூன்று பேரில் சரியான இடத்துக்குப் பக்கத்தில் வந்தவன் அவன்தான். மற்ற இருவரும் எதிரெதிர்க் கட்சிபோலத் தெரிந்தாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். சிரிப்பு என்றால் அது மனிதச் சிரிப்பு மாதிரியே இருக்க வேண்டும் என்று இருவருமே நினைக்கிறார்கள். ஒருவருக்கு அது மிருகத்திடம் இல்லை, இன்னொருவருக்கு இருக்கிறது.

முதலில் அந்தத் தேவாங்கு. வீடியோவில் இருந்தது நம் காட்டுத் தேவாங்கு இல்லை, தென்கிழக்கு ஆசியப் பக்கத்து உறவு. இந்த இனத்துக்கு முழங்கையின் உள்பக்கம் ஒரு சுரப்பி உண்டு. அதிலிருந்து வரும் நீரை நக்கி எச்சிலோடு கலந்தால் கடி விஷமாகிவிடும். பாலூட்டிகளில் விஷமுள்ளவை மிகச் சில, அவற்றில் இது ஒன்று. ஆபத்து என்று பட்டால் கையைத் தலைக்கு மேல் தூக்கி, வாயைச் சுரப்பிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து தயாராக நிற்கும். அதாவது உலகமே பார்த்துச் சிரித்த அந்த வீடியோவில் இருப்பது பயந்துபோன ஒரு பிராணி, கடிக்கத் தயாராகிறது. பெரும்பாலும் கடிக்கவும் முடியாது, சந்தையில் விற்பவர்கள் முன்பல்லை வெட்டிவிடுவது வழக்கம். இரவில் நடமாடும் பிராணியைப் பிடித்து வெளிச்சத்தில் வேறு உட்கார வைத்திருக்கிறார்கள்.

மலைக்கோயில் படிகளில் குரங்கு பல்லைக் காட்டுவதும் இதே கதைதான். தமிழில் இதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது. குரங்கு சிரிக்கிறது என்று சொல்ல மாட்டோம், பல்லை இளிக்கிறது என்போம். மனிதரையும் ‘முதலாளி முன்னால் பல்லை இளித்துக்கொண்டு நின்றான்’ என்றால் அங்கே மகிழ்ச்சி எதுவும் இல்லை என்று எல்லோருக்கும் புரியும். டச்சு ஆய்வாளர் யான் வான் ஹூஃப் 1972-இல் எழுதிய கட்டுரை கிட்டத்தட்ட இந்த வேறுபாட்டைத்தான் பேசுகிறது. உதட்டை இழுத்துச் சத்தமில்லாமல் பல்லைக் காட்டுவது ஒன்று. பல குரங்கினங்களில் இதற்கு ‘நான் அடங்கிவிட்டேன், என்னை விடு’ என்று பொருள். தாடை தளர, வாய் வட்டமாகத் திறந்து, பல் பாதி மூடியே இருக்கும் விளையாட்டு முகம் இன்னொன்று. நம் புன்னகை முதலாவதிலிருந்தும், வாய்விட்டுச் சிரிக்கும் சிரிப்பு இரண்டாவதிலிருந்தும் வந்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. முறுவலும் சிரிப்பும் ஒரே கோட்டின் சிறிசும் பெரிசும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான்.

கழுதைப்புலிச் சிரிப்பையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆப்பிரிக்கப் புள்ளிக் கழுதைப்புலி இரைக்கு அடித்துக்கொள்ளும்போது, எரிச்சலில், போடும் சத்தம் அது. நம் காதுக்குச் சிரிப்பு மாதிரிக் கேட்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் எதைத்தான் சிரிப்பு என்பது? சிரிப்பு என்றதும் நமக்கு ஜோக் நினைவுக்கு வந்துவிடுகிறது. குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் தன் மாணவர்களோடு கடைத்தெரு, கல்லூரி வளாகம் என்று திரிந்து, மக்கள் எதற்கெல்லாம் சிரிக்கிறார்கள் என்று ஒட்டுக்கேட்டுக் குறித்துவைத்தார். மொத்தம் 1,200 சிரிப்புகள். அவற்றில் ஜோக் என்று சொல்லத் தகுந்த ஒன்றைத் தொடர்ந்து வந்தவை 10 முதல் 20 சதவீதம்தான். மிச்சமெல்லாம் ‘சரி, அப்புறம் பார்க்கலாம்’ மாதிரி வெறும் பேச்சு. கேட்கிறவர்களைவிடப் பேசுகிறவர்தான் அதிகம் சிரித்தார். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட ஆட்களோடு இருக்கும்போது 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்றும் அவர் கண்டார். நம்ப முடியாவிட்டால் காலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் பத்து நிமிஷம் உட்காருங்கள். “என்னண்ணே, இன்னைக்குச் சர்க்கரை போட்டீங்களா?” என்று ஒருவர் கேட்டு அவரே சிரிப்பார், மாஸ்டரும் சிரிப்பார். அதில் ஜோக் எங்கே இருக்கிறது?

சத்தமாக மட்டும் பார்த்தால் சிரிப்பு ஒரு மூச்சு வேலை. மனிதர் சிரிக்கும்போது மூச்சை ஒரே வீச்சில் வெளியே விட்டு, அதைத் துண்டு துண்டாக நறுக்குகிறார். ஹ, ஹ, ஹ என்று வினாடிக்கு ஏறத்தாழ 5 துண்டு. அதனால்தான் நிறையச் சிரித்தால் மூச்சு முட்டுகிறது, வயிறு வலிக்கிறது. சிம்பன்சிக்குக் கிச்சுகிச்சு மூட்டினால் வேறு மாதிரிச் சத்தம் வரும். மூச்சை உள்ளே இழுக்க ஒரு சத்தம், வெளியே விட ஒரு சத்தம். மரம் அறுக்கிற இழைப்பும் தள்ளலும்போல இரண்டு பக்கமும் உரசும் மூச்சிரைப்பு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சிரிப்பு என்றே தோன்றாது, மாடியேறி வந்த நாய் என்று நினைப்பீர்கள்.

இந்த வேறுபாடு ஏன்? நாலு காலில் ஓடும் பிராணி முன்னங்காலை ஊன்றும்போதெல்லாம் நெஞ்சுக்கூட்டை இறுக்கிக்கொள்ள வேண்டும். அதனால் மூச்சு நடைக்குக் கட்டுப்பட்டது. இரண்டு காலில் நின்றபிறகு மூச்சு அந்தக் கட்டிலிருந்து விடுபட்டது, நறுக்கிச் சிரிக்கவும் பிற்பாடு பேசவும் அது இடம் கொடுத்தது என்பது புரொவைனின் ஊகம். ஊகம்தான், ஆனால் எனக்குப் பிடித்த ஊகம்.

டார்வின் இதையெல்லாம் 150 வருஷத்துக்கு முன்பே மோப்பம் பிடித்திருந்தார். மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை எப்படிக் காட்டுகிறார்கள் என்பது பற்றி அவர் 1872-இல் வெளியிட்ட நூலில், இளம் சிம்பன்சிக்கு அக்குளில் கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்புப் போன்ற ஒலி எழுப்புவதை எழுதியிருக்கிறார். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க இன்னும் 137 வருஷம் ஆனது. மரினா டாவிலா ராஸ் குழுவினர் ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி, அதன் நெருங்கிய உறவான போனபோ முதலானவற்றின் குட்டிகள் 22-க்கும் மனிதக் குழந்தைகள் 3 பேருக்கும் பழகியவர்களைக் கொண்டே கிச்சுகிச்சு மூட்டச் செய்து, 800-க்கும் மேற்பட்ட ஒலிகளைப் பதிவுசெய்தார்கள். 2009-இல் வந்த கட்டுரை அது.

அவர்கள் செய்த காரியம் எளிமையானது. ஒவ்வொரு சிரிப்பின் நீளம், அதிர்வு, மூச்சு எந்தப் பக்கம் போகிறது என்று அளந்தார்கள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற சத்தங்களைப் பக்கத்தில் வைத்து, விலகிப்போகிறவற்றைத் தள்ளிவைத்து ஒரு குடும்ப மரம் வரைந்தார்கள். மரபணுவைத் தொடவே இல்லை. வந்த மரம், மரபணுவை வைத்து ஏற்கெனவே வரைந்திருந்த மரத்தோடு அப்படியே பொருந்தியது. மனிதருக்குப் பக்கத்தில் சிம்பன்சியும் போனபோவும், கொஞ்சம் தள்ளிக் கொரில்லா, இன்னும் தள்ளி ஒராங்குட்டான். சத்தத்தை மட்டும் கேட்டே யார் யாருக்கு எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று சொல்லிவிட முடிகிறது. கல்யாண வீட்டில் பக்கத்து அறையிலிருந்து வரும் சிரிப்பை வைத்தே ‘இது நம்ம பெரியப்பா வீட்டுச் சிரிப்பு’ என்று சொல்வோமே, அந்த மாதிரி. இன்னொன்றும் கண்டார்கள். கொரில்லாவும் போனபோவும் சிரிக்கும்போது சாதாரண மூச்சைவிட மூன்று நாலு மடங்கு நீளமாக மூச்சை வெளியே விட முடிகிறது. நீண்ட மூச்சை அடக்கி ஆளும் திறமை மனிதருக்கு மட்டுமே என்ற எண்ணம் அங்கே ஆட்டம் கண்டது.

குரங்கினத்தோடு நின்றிருந்தால் கதை சுலபம். எலி வந்து சிக்கலாக்கியது.

யாக் பாங்க்செப் எஸ்டோனியாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். ஒஹையோ மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில், குட்டி எலிகள் கட்டிப்புரண்டு விளையாடுவதை ஆராய்ந்துகொண்டிருந்தார். வௌவால் சத்தம் கேட்கப் பயன்படும் கருவியை வைத்துக் கேட்டால், விளையாட்டின்போது எலிகள் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சுக்கீச்சென்று சத்தம் போடுவது தெரிந்தது. மனிதக் காதுக்கு 20-க்கு மேல் எதுவும் எட்டாது. அதனால் வீட்டுப் பரணில் இத்தனை காலமாக நடந்த கூத்து நமக்குக் கேட்டதில்லை. 1990-களின் பிற்பகுதியில் ஒருநாள், இது ஒருவேளை சிரிப்பாக இருக்குமோ என்ற எண்ணத்தில், எலிக்குக் கிச்சுகிச்சு மூட்டிப் பார்க்கலாம் என்று உதவியாளர் ஜெஃப்ரி பர்க்டார்ஃபைக் கூப்பிட்டார்.

மூட்டினார்கள். பிடரியிலும் விலாவிலும் விரலை ஓட்டி, மல்லாக்கப் புரட்டி வயிற்றில். விளையாடும்போது போட்டதைவிடப் பலமாகக் கீச்சிட்டது. கையை எடுத்தால் கையைத் துரத்திக்கொண்டு வந்தது. தனியாக வளர்ந்த எலி இன்னும் அதிகமாகக் கீச்சிட்டது, பாவம். பூனை வாடை அடித்தால் சத்தம் குறைந்தது. பயத்திலோ வேதனையிலோ இருக்கும் பெரிய எலி போடுவது வேறு சத்தம், 22 கிலோஹெர்ட்ஸ். அதிகமாகச் சிரிக்கிற எலிகளாகத் தேர்ந்தெடுத்து இனம் சேர்த்துக்கொண்டே போனால், சில தலைமுறையில் அந்தக் குணம் கூடியது. மரபில் கடத்தப்படும் குணம் என்பதற்கு அது சாட்சி.

2016-இல் பெர்லினில் ஷிம்பெய் இஷியாமாவும் மைக்கேல் பிரெக்டும் ஒரு படி மேலே போனார்கள். எலியின் மூளையில், உடம்பின் தொடுதலை உணரும் பகுதியில் மின்முனையை வைத்துக்கொண்டு கிச்சுகிச்சு மூட்டினார்கள். அந்தச் செல்கள் துள்ளின. கையை வெறுமனே காட்டித் துரத்தி விளையாடும்போதும், தொடாமலே, அதே செல்கள் துள்ளின. நம் வீட்டுக் குழந்தையிடம் விரலைக் காட்டி ‘வரேன் வரேன்’ என்றாலே நெளியுமே, அதேதான். அந்த இடத்துக்கு லேசாக மின்சாரம் கொடுத்தால் கையே இல்லாமல் எலி கீச்சிட்டது. அப்புறம் அதே எலியை உயரமான மேடையில் பளிச்சென்ற விளக்கின் கீழ் உட்கார வைத்து மூட்டினார்கள். எலிக்கு அது பயம் தரும் இடம். கீச்சும் அடங்கியது, செல்களும் அடங்கின.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா இடைமறித்தார். “எலிக்குக் கிச்சுகிச்சு மூட்ட சம்பளமா குடுத்தாங்க?” குடுத்தாங்கம்மா என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

பாகூர்க்காரன் சொன்ன நாய்க்குட்டிக்கு வருகிறேன். எங்கள் தெருமுனையில் கொட்டிவைத்த ஆற்றுமணலில் அன்று சாயங்காலமே இரண்டு குட்டிகள் கிடைத்தன. ஒன்று முன்னங்காலைத் தரையோடு தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி, வாயைத் திறந்து நின்றது. மற்றது பாய்ந்து அதன் காதைக் கவ்வியது. கவ்வியது, கடிக்கவில்லை. கவ்விய பல்லுக்கும் காதுக்கும் நடுவே ஒரு மணல்துகள் இருந்தாலும் நசுங்கியிருக்காது. இரண்டும் ஹஃ ஹஃ என்று மூச்சுவிட்டுக்கொண்டே உருண்டன. திடீரென்று ஒன்று ‘வீல்’ என்றது. பல் பட்டிருக்க வேண்டும். சட்டென்று எல்லாம் நின்றது, கவ்விய குட்டி பின்வாங்கியது. மூன்று வினாடி. மறுபடி முன்னங்கால் தாழ்ந்தது, மறுபடி ஹஃ ஹஃ.

சிரிப்பின் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு அந்த மணல்மேட்டைத்தான் காட்ட வேண்டும். சண்டை மாதிரியே இருக்கிற ஒன்றைச் சண்டை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்க ஏதாவது ஒரு சைகை வேண்டும். துரத்துவது, தள்ளுவது, கவ்வுவது எல்லாம் வேட்டையிலும் உண்டு, விளையாட்டிலும் உண்டு. மூச்சிரைக்கும் அந்தச் சத்தம் ‘இது சும்மா, சும்மா’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. 2021-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சாஷா விங்க்ளரும் கிரெக் பிரையன்ட்டும், விளையாடும்போது இப்படிக் குரல் கொடுப்பதாக அதுவரை பதிவான விலங்குகளைத் தேடித் தொகுத்தார்கள். 65 இனங்கள் தேறின. பெரும்பாலும் பாலூட்டிகள்: குரங்கினம், நாய், நரி, மாடு, கீரி, கடல்நாய். பறவைகள் மூன்று.

இங்கே ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒரு சண்டை உண்டு, அதை மறைக்கக் கூடாது. சிம்பன்சியின் மூச்சிரைப்பும் நம் சிரிப்பும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதைப் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். எலி அப்படி இல்லை. எலியின் கீச்சு விசில் அடிப்பதுபோல உண்டாகிறது, நம் குரல்நாண் அதிர்வதுபோல அல்ல. எலிக்கும் நமக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது ஏறத்தாழ 8 கோடி ஆண்டுக்கு முன்னால். அதே வேலையை இரண்டு கிளைகளும் தனித்தனியே கண்டுபிடித்திருக்கலாம், பறவைக்கும் வௌவாலுக்கும் தனித்தனியே இறக்கை வந்தமாதிரி. பாங்க்செப் வேர் ஒன்றுதான் என்ற பக்கம், அதாவது விளையாட்டின் மகிழ்ச்சி மூளையின் அடியாழத்தில் எல்லாப் பாலூட்டிக்கும் பொது என்ற பக்கம். அவர் முதலில் இதைச் சொன்னபோது சக ஆய்வாளர்கள் பலர் முகம் சுளித்தார்கள். எலியின் கீச்சைச் சிரிப்பு என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுத இன்றும் சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் சரிதான் என்று எனக்கும் படுகிறது. எலிக்கு மகிழ்ச்சி உண்டு என்பதில் சந்தேகமில்லை, ஆனால் அதன் கீச்சு நம் சிரிப்பின் பாட்டியா, வேற்றூர் ஆளா என்பது இன்னும் முடியாத வழக்கு.

இந்தச் சண்டையைத்தான், உயிர்களை ஆண்டவன் இப்படியே படைத்தான் என்று வாதாடும் படைப்புவாதிகள் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள்: ‘பார், அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை.’ ஒத்துப்போகாதது எலி எந்தக் கிளை என்பதில். மரமே இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

சிரிப்பு மனிதருக்கே உரியது என்ற எண்ணம் மதத்திலிருந்து மட்டும் வந்ததும் அல்ல. அரிஸ்டாட்டிலே சொல்லிவைத்தார், சிரிக்கும் உயிர் மனிதன் ஒருவனே, அதனால்தான் அவனுக்கு மட்டும் கிச்சுகிச்சு என்று. நம் பக்கம் தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் தெரியும் உணர்ச்சிகளில், முதலில் நகையை வைத்து, அது பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இளமை என்றால் பிள்ளைத்தனத்தைக் கண்டு வரும் சிரிப்பு என்பார்கள் உரைகாரர்கள். நான் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் தாங்களே சிரிக்கும் சிரிப்பையும் அதில் சேர்த்துப் பார்க்கிறேன். அப்படிப் பார்த்தால், விலங்குகளிடம் தேட வேண்டியது இளமையில் பிறக்கும் நகையைத்தான். எள்ளல் மனிதரோடு நின்றுவிடுகிறது. சரி, முழுக்க நின்றுவிடுகிறது என்றும் சொல்ல முடியவில்லை. சிம்பன்சிக் குட்டிகள் பெரியவர்களிடம் ஒரு பொருளை நீட்டி, வாங்க வரும்போது வெடுக்கென்று இழுத்துக்கொண்டு முகத்தைப் பார்க்கிற குறும்பை 2024-இல் ஒரு குழு பதிவுசெய்திருக்கிறது.

பரிணாமம் பற்றிய விவாதத்தின் வரலாற்றில் எள்ளலுக்குப் பஞ்சமே இல்லை. 1860-இல் ஆக்ஸ்போர்டில் நடந்த கூட்டத்தில், குரங்கு உங்களுக்குத் தாத்தா வழியா பாட்டி வழியா என்று பிஷப் வில்பர்போர்ஸ், டார்வின் பக்கம் நின்ற ஹக்ஸ்லியைச் சீண்டியதாகச் சொல்வார்கள், சரியான வாசகம் என்ன என்பதில் தகராறு உண்டு. 1871-இல் ஒரு லண்டன் பத்திரிகை டார்வின் தலையைக் குரங்கு உடம்பில் ஒட்டிப் படம் போட்டது. 1925-இல் அமெரிக்காவின் டேட்டன் ஊரில், பரிணாமம் நடத்தியதற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மேல் வழக்கு நடந்தபோது, கோட்டு சூட்டு மாட்டிய ஒரு சிம்பன்சியைக் கூட்டிவந்து தெருவில் வேடிக்கை காட்டினார்கள். ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம் போட்டார்கள், மேல்முறையீட்டில் அது ரத்தானது. இத்தனை பேர் குரங்கைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். குரங்கு எதற்குச் சிரிக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

மதம் என்றாலே பரிணாமத்துக்கு எதிர் என்று நினைத்தால் புதுச்சேரி மாதிரி ஊரில் கணக்கு உதைக்கும். கத்தோலிக்கத் திருச்சபை இதில் சண்டைக்கு நிற்கவில்லை. மனித உடம்பின் தோற்றம் பற்றி ஆராயத் தடையில்லை என்று 1950-இல் போப் 12-ஆம் பத்திநாதர் (பயஸ்) எழுதினார், ஆன்மா மட்டும் இறைவன் நேரடியாகத் தருவது என்ற நிபந்தனையோடு. பரிணாமம் வெறும் ஊகத்துக்கு மேற்பட்டது என்று 1996-இல் இரண்டாம் ஜான் பால் ஒப்புக்கொண்டார். பூமிக்கு வயது ஆறாயிரம் என்று அச்சடித்த துண்டறிக்கை பஸ் ஸ்டாண்டில் என் கையிலும் திணிக்கப்பட்டதுண்டு, அது வேறு சபைகள். இந்துக்கள் பக்கம் மறுப்பு குறைவு, ‘எங்களுக்கு முன்பே தெரியும்’ என்பதுதான் அதிகம். மீன், ஆமை, பன்றி என்று தசாவதாரத்தை வரிசைப்படுத்துவார்கள். அம்மாவுக்குச் சிவபுராணம் மனப்பாடம், ‘புல்லாகிப் பூடாய்’ என்று தொடங்கிவிடுவார். அந்த வரிகள் சொல்வது ஒரே உயிர் பிறவிக்குப் பிறவி உடல் மாறுவதை. பரிணாமத்தில் எந்த உயிரும் மாறுவதில்லை, தலைமுறைகள் மாறுகின்றன. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுக்கும் நியாயம் செய்ததாகாது.

பகுத்தறிவுப் பக்கமும் ஒரு தவறு நிரந்தரமாக ஓடிக்கொண்டிருக்கிறது, அண்ணன் மகள் சொன்னதுதான். குரங்கிலிருந்து நாம் வரவில்லை. நமக்கும் சிம்பன்சிக்கும் ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பொதுத் தாத்தா இருந்தார். கோயில் குரங்கு நமக்குப் பாட்டன் இல்லை, தூரத்துப் பங்காளி. இது புரியாததால்தான் ‘அப்படியானால் இப்போது இருக்கிற குரங்கு ஏன் மனுஷனாகவில்லை’ என்ற கேள்வி ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கேட்கப்படுகிறது. 2018 ஜனவரியில், அப்போதைய மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாவதைப் பார்த்ததாக நம் முன்னோர் யாரும் எழுதவோ சொல்லவோ இல்லை, டார்வின் கொள்கை தவறு என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன.

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது. கொரோனா காலத்தில் பாடச்சுமையைக் குறைப்பதாகத் தொடங்கி, 2023-இல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி எடுக்கப்பட்டது. பாடத்தலைப்பிலேயே ‘மரபுவழி’ மட்டும் மிஞ்சியது. 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு ஆட்சேபித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்று பதில் வந்தது. இருக்கிறது, உயிரியல் எடுப்பவர்களுக்கு. அதே 2023-24 கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு, இந்த என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களை நடத்தும் சி.பி.எஸ்.இ.க்கு மாறத் தொடங்கின, அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பும் மாறியது. ஆக, ஆல்பேட்டைக்கு இந்தப் பக்கம் பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்று ஒரு முழுப் பாடம். பெண்ணையாற்றைத் தாண்டி, முள்ளோடையையும் தாண்டிப் பாகூருக்குப் போனால் அந்தப் பாடம் இல்லை. பஸ்ஸில் அரை மணி நேரம்தான்.

இதில் ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டுப் புத்தகத்தின் அந்தப் பாடத்தில் திருவக்கரை கல்மரப் பூங்கா வருகிறது. விழுப்புரம் மாவட்டம்தான், ஆனால் புதுச்சேரிக்காரர்களுக்குப் பக்கம். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுக்கு முன்னால் வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரங்கள், வேரும் கிளையும் பட்டையும் இழந்து, மணலில் புதைந்து கல்லாகிக் கிடக்கின்றன. குனிந்து பார்த்தால் வளையம் தெரியும். தட்டினால் கல் சத்தம். அவை கிடக்கும் பாறைக்கு நிலவியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கடலூர் மணற்கல்’. 1781-லேயே சோனரா என்ற பிரெஞ்சுக்காரர் இந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதிவிட்டார், டார்வின் பிறப்பதற்கு 28 ஆண்டு முன்னால். இரண்டு பிள்ளைகளையும் ஒருமுறை கூட்டிப்போயிருக்கிறேன். இந்த மரம் நின்றிருந்தபோது மனிதன் இல்லை, சிம்பன்சியும் இல்லை, ஆனால் கிச்சுகிச்சு மூட்டினால் மூச்சிரைக்கிற ஏதோ ஒன்று எங்கேயோ மரத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கலாம் என்று சொன்னேன். அவர்கள் கல்மரத்தின் மேல் ஏறக் கூடாது என்ற பலகையின் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

ஆற்றுத் திருவிழா அன்று ராத்திரி, கையில் சிறுவள்ளிக் கிழங்குப் பொட்டலத்தோடு வந்த பாகூர்க்காரன், அண்ணன் மகளின் அறிவியல் புத்தகத்தை எடுத்துத் திருவக்கரைப் பக்கத்தைத் தேடினான். “நாம போன எடம் இதுல இருக்கு மாமா.” கொஞ்ச நேரம் படித்தான். டார்வின் வந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“இது எனக்குப் பரீட்சைல வருமா?”

“உனக்கு வராது.”

மூடி அவளிடம் நீட்டினான். அவள் வாங்கக் கை நீட்டியதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான்.